வீடு மாறும்போது கேஸ் எங்கே போகிறது?

வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அது போக, ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை வாடகை வீடுகள்தான். வேலை மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் ஏசியும் கழன்று குட்டி யானையில் ஏறும். கழற்ற வந்தவர் அவசரக்காரராக இருந்தால், நட்டைத் தளர்த்தியதும் 'உஸ்ஸ்' என்று கேஸ் காற்றில் கலந்துவிடும்.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொள்கிறதே, அதே வேலையைத்தான் இந்த கேஸும் செய்கிறது. இண்டோர் காயிலில் திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்குகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி அவுட்டோருக்குத் தள்ள, அங்கே வெப்பத்தை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது. பானை நீர் போய்விடும். இது போகாது, உள்ளேயே சுற்றும்.

பழைய ஏசிகளில் இருந்தது ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால் 1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்த வழியில் படிப்படியாக ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் 2025 முதல் புதிய ஏசிகளில் அதற்கு இடமில்லை. மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது: அதன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். ஆர்-22-க்கே இந்த எண் 1,810தான்!

இதற்குக் கடிவாளம் போட்டது 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் எட்டிய உடன்பாடு. இந்தியா 2021-ல் ஏற்றது. 2028-ல் இவ்வகை கேஸ்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு. 2032-ல் 10 சதவீதம் குறைப்பு, 2047-க்குள் 85 சதவீதம். கணக்கு கிலோவில் இல்லை, கார்பன் சமன் அளவில். சூட்சுமம் இங்கேதான். 675 என்ற எண் கொண்ட ஆர்-32-க்கு மாறினால், அதே ஒதுக்கீட்டில் மூன்று மடங்கு கேஸ் வாங்கலாம். ஏசி விற்பனை ஏறிக்கொண்டே போகும் நாட்டில் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பென்ன? என்னைக் கேட்டால் ஆர்-32 இடைத்தங்கல்தான். 85 சதவீதக் குறைப்புக்கு அது போதாது.

போதுமானது ஆர்-290, அதாவது புரோப்பேன். அதன் எண் சுமார் 3. கோத்ரெஜ் 2012-லேயே இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே புரோப்பேன், நன்றாகத் தீப்பிடிக்கும். எனவே அறை அளவுக்கேற்ப சில நூறு கிராமோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆர்-32-ம் லேசாகத் தீப்பற்றக்கூடியதே. அதனால் கேஸ் மாறும்போது மெக்கானிக்கின் கைப்பழக்கமும் மாறியாக வேண்டும். 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது அதனால்தான்.

கழற்றும் முன் செய்ய வேண்டியது 'பம்ப் டவுன்'. கம்ப்ரசர் ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை மூடினால் கேஸ் எல்லாம் அவுட்டோருக்குள் வந்து சேரும். பிறகு பருத்த குழாயையும் மூடி நிறுத்துவார்கள். சில நிமிட வேலை. தெரிந்தவர் செய்ய வேண்டும். தவறினால் கம்ப்ரசர் வெடிக்கவும் கூடும். 800 கிராம் ஆர்-32 வீணானால் அது 540 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ என்று வைத்தால், ஏறக்குறைய 770 யூனிட் கரண்ட்டின் புகை.

கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகாது. வருடா வருடம் நிரப்பச் சொன்னால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். அவுட்டோர் ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்று எழுதியிருக்கிறதோ, அதைத் தவிர வேறெதையும் நிரப்ப விடாதீர்கள். குறிப்பாக, பழைய ஆர்-22 ஏசியில் புரோப்பேன் ஏற்றுவது தீயை விலைக்கு வாங்குவது.