மெட்ராசு யுனைட்டெட் கிளப்

மெட்ராசு யுனைட்டெட் கிளப் (சுருக்கமாக எம். யூ. சி.) என்பது 1888 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட விளையாட்டுக் கழகம் ஆகும். தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் (கிரிக்கெட்) தந்தை என அழைக்கப்படும் புச்சி பாபு நாயுடு இதனை நிறுவினார். அக்காலத்தில் சேப்பாக்கம் மைதானத்தை வைத்திருந்த மெட்ராசு கிரிக்கெட் கிளப்பில் ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக முடிந்தது. எம். யூ. சி. இந்தியர்களுக்கெனத் தனியாக அமைந்தது. சென்னையில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய மாகாண ஆட்டங்களுக்கு இக்கழகமே வித்திட்டது.

பின்னணி

இந்தியாவில் துடுப்பாட்டக் கழகம் ஒன்று முதலில் அமைந்தது கல்கத்தாவில் ஆகும். கல்கத்தா கிரிக்கெட் கிளப் 1792 இலேயே இயங்கி வந்தது. சென்னையில் 1846 இல் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் மெட்ராசு கிரிக்கெட் கிளப் தோன்றியது. அதன் உறுப்பினர்கள் முதலில் கோட்டைக்கு அருகிலுள்ள தீவுத்திடலில் விளையாடினர்.

1855 இல் ஆற்காட்டு நவாபு குலாம் கௌசு கான் வாரிசின்றி இறந்தார். அவருடைய சேப்பாக்கம் அரண்மனையும் அதனைச் சூழ்ந்த நிலமும் அரசின் கைக்கு வந்தன. அந்நிலத்தின் ஒரு பகுதி 1865 இல் மெட்ராசு கிரிக்கெட் கிளப்புக்குக் கிடைத்தது. விரைவில் அங்கு ஒரு பெவிலியனும் கட்டப்பட்டது. பெவிலியன் என்பது ஆட்டக்காரர்கள் உடை மாற்றவும், தங்கள் முறைக்காகக் காத்திருக்கவும், உணவு உண்ணவும் பயன்படும் கட்டிடம். துடுப்பாட்டத்தில் இது வெறும் ஓய்வறை அன்று. ஓர் ஆட்டம் பல மணி நேரம், சில வேளைகளில் பல நாட்கள் நீடிப்பதால், ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கும் நேரத்தைவிடப் பெவிலியனில் இருக்கும் நேரம் அதிகமாவதும் உண்டு. எனவே அங்கே யார் அமரலாம் என்பது சிறிய கேள்வி அல்ல.

சேப்பாக்கத்தில் இதற்கு விடை தெளிவாக இருந்தது. இந்தியர் உறுப்பினராக முடியாது. எதிரணியாக விளையாட வந்தாலும் பெவிலியன் ஐரோப்பியர்களுக்கே உரியது. உணவு இடைவேளையில் ஐரோப்பியர் உள்ளே மேசையில் அமர்ந்து உண்ண, இந்திய ஆட்டக்காரர்கள் மைதானத்து மரங்களின் நிழலில் அமர்ந்து தாங்கள் கொண்டுவந்ததை உண்டனர் எனச் சென்னைத் துடுப்பாட்ட வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். ஒரே பந்தையும் ஒரே ஆடுகளத்தையும் பகிர்ந்துகொண்ட இருபத்திரண்டு பேர், உணவு நேரத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்தனர்.

புச்சி பாபு நாயுடு

மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு என்பது இவரது முழுப்பெயர். 1868 இல் பிறந்தார். இவருடைய பாட்டனார் தேரா வெங்கடசாமி நாயுடு பாரி நிறுவனத்தின் துபாசியாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். துபாசி என்றால் இருமொழி அறிந்த இடைத்தரகர். ஐரோப்பிய வணிகர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே பேசி முடிப்பது அவர்களின் பணி. குடும்பம் மயிலாப்பூரில் லசு அவுசு என்னும் பெரிய மாளிகையில் வாழ்ந்தது. ஆங்கிலேயப் பெண்மணிகளிடம் பாடம் கற்று, குதிரையேற்றமும் பந்தாட்டமும் பயின்று வளர்ந்த சிறுவன், சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் விளையாடுவதைப் பார்த்து அவ்வாட்டத்தின்பால் ஈர்க்கப்பட்டான்.

ஐரோப்பியர்களோடு நெருங்கிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவருக்கே பெவிலியன் கதவு மூடியிருந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பணமோ ஆங்கிலமோ அக்கதவைத் திறக்கவில்லை. புச்சி பாபு மனு எழுதிக் காத்திருக்கவில்லை. இருபதாவது வயதில் தமக்கெனக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்.

கழகத்தின் தொடக்கம்

எம். யூ. சி. கோட்டைக்கு வடக்கே இருந்த எசுபிளனேடு திடலில் தனது ஆட்டத்தைத் தொடங்கியது. கழகத்தின் பெயரில் 'கிரிக்கெட்' என்ற சொல் இல்லை. அதற்குப் பதிலாக 'ஒன்றுபட்ட' என்னும் பொருள்தரும் சொல்லே இருக்கிறது. அன்று நகரில் இந்தியர் ஆங்காங்கே சிறு குழுக்களாகவும் கல்லூரி அணிகளாகவும் விளையாடி வந்தனர். அவர்களில் திறமையானவர்களை ஒரே அணியாகத் திரட்டாமல் சேப்பாக்கத்து ஐரோப்பியர்களை வெல்ல இயலாது என்பதே புச்சி பாபுவின் கணக்கு.

துடுப்பாட்டம் செலவு மிகுந்த விளையாட்டு. மட்டை, காலுறைக் காப்பு, கையுறை, வெள்ளைக் கம்பளி உடை அனைத்தும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டியவை. இச்செலவின் பெரும்பகுதியைப் புச்சி பாபு தாமே ஏற்றார். ஒரு செல்வந்தரின் பையை நம்பி நின்ற கழகம் என்று இதனைக் குறை கூறலாம். ஆனால் அன்றைய இந்தியாவில் இளவரசர்களோ வணிகர்களோ ஆதரிக்காமல் எந்தத் துடுப்பாட்ட அணியும் நீண்டகாலம் நிலைத்ததில்லை. எம். யூ. சி.யைத் தொடர்ந்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளிலும் கழகங்கள் வலுப்பெற்றன. இவ்விரு பகுதி அணிகளுக்கிடையிலான போட்டி பிற்காலத்தில் நகரத்தின் பெரும் பேச்சுப்பொருளாக விளங்கியது.

பம்பாயும் சென்னையும்

இதே காலத்தில் பம்பாயிலும் இந்தியர் துடுப்பாட்டம் வளர்ந்தது. ஆனால் அது வேறு வழியில் சென்றது. அங்கு பார்சிகள் 1848 இலேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியிருந்தனர். பின்னர் இந்துக்களும் முசுலிம்களும் தத்தமக்கெனக் கழகங்களை அமைத்தனர். ஐரோப்பியர்-பார்சிகள் ஆட்டம் காலப்போக்கில் மூவணி, நால்வணி, ஐந்தணிப் போட்டியாக விரிந்தது. எல்லா அணிகளும் மதத்தின் அடிப்படையில் பிரிந்தவை. இதற்கு எதிர்ப்பு வலுத்து, 1946 இல் ஐந்தணிப் போட்டி கைவிடப்பட்டது.

சென்னையில் அவ்வாறு நிகழவில்லை. இங்கு மைதானத்தின் ஒருபுறம் ஐரோப்பியர், மறுபுறம் இந்தியர் என்ற ஒரே பிரிவுதான் இருந்தது. 'யுனைட்டெட்' என்ற பெயருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று கருத இடமுண்டு. எனினும் இந்தியர் பக்கத்தில் எல்லாம் சமமாக இருந்தன என எண்ணுவது தவறாகும். பெவிலியன் பாகுபாடு ஐரோப்பியர் மட்டும் செய்த ஒன்றன்று. புனேயில் பந்து வீசிய பல்வங்கர் பாலூ, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதால், தம் சொந்த அணியினருடனேயே அமர்ந்து தேநீர் அருந்த முடியாமல் வெளியே தனிக் குவளையில் அருந்த நேர்ந்தது. அன்றைய இந்தியாவின் மிகச் சிறந்த இடக்கைப் பந்து வீச்சாளர் அவர்.

கழகங்கள் நிறத்தைக் கொண்டு பிரிவது பிரித்தானியப் பேரரசின் பிற நாடுகளிலும் வழக்கமாக இருந்தது. திரினிடாடில் வெள்ளையர்கள் குயின்சு பார்க் கழகத்திலும், மாநிற நடுத்தர வகுப்பினர் மேப்பிள் கழகத்திலும், கறுப்பின நடுத்தர வகுப்பினர் சானன் கழகத்திலும் விளையாடினர். சி. எல். ஆர். ஜேம்சு 1963 இல் வெளியான தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

மாகாண ஆட்டம்

தனிக் கழகம் அமைப்பது புச்சி பாபுவின் நோக்கத்தில் பாதிதான். சேப்பாக்கத்திலேயே, சம நிலையில், ஐரோப்பியர்களை எதிர்த்து விளையாட வேண்டும் என்பது மறுபாதி. மெட்ராசு கிரிக்கெட் கிளப்புடன் எம். யூ. சி. தொடர்ந்து மோதியதில் இந்தியர்களின் திறமை ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது. அதன் விளைவாக 1908 திசம்பரில் மாகாண ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே முதல் ஆட்டம் ஏற்பாடாயிற்று.

அந்த ஆட்டத்திற்குச் சில நாட்களே இருந்தபோது புச்சி பாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இருபது ஆண்டுகள் உழைத்து வரவழைத்த ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பின் பணியை முன்னெடுத்தவர்களுள் பி. சுப்பிரமணியம் குறிப்பிடத்தக்கவர்.

மாகாண ஆட்டம் 1915-16 பருவத்திலிருந்து முதல்தர ஆட்டமாக ஒழுங்காக நடைபெறத் தொடங்கியது. இதற்குப் பொங்கல் விடுமுறை தேர்ந்தெடுக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை திசம்பரில் ஓய்ந்துவிடும். சனவரியில் ஆடுகளம் உலர்ந்து, வெயிலும் தாங்கும்படி இருக்கும்.  காலப்போக்கில் இது 'பொங்கல் ஆட்டம்' என்றே மக்களிடையே அறியப்பட்டது. பிற்காலத்தில் பொங்கல் வாரத்தில் சேப்பாக்கத்தில் டெசுட் ஆட்டம் நடக்கும் வழக்கம் ஏற்பட்டதற்கும் இதுவே முன்னோடி எனலாம்.

இவ்வாட்டங்களில் ஐரோப்பியர் தரப்பில் சி. பி. ஜான்சுடனும், இந்தியர் தரப்பில் சி. கே. நாயுடு, ஏ. ஜி. ராம்சிங், எம். ஜே. கோபாலன் முதலியோரும் விளையாடினர். ஜான்சுடன், கென்ட் அணிக்காக விளையாடிவிட்டுப் பணி நிமித்தம் சென்னை வந்தவர். இந்திய இளைஞர்களின் திறமையைக் கண்டறிந்து ஊக்குவித்ததற்காக இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. மெட்ராசு அணியும் மைசூர் அணியும் மோதின. கோபாலன் வீசிய முதல் பந்தை மைசூரின் என். கர்ட்டிசு எதிர்கொண்டார். மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மெட்ராசு எடுத்த 130 ஓட்டங்களே ஓர் இன்னிங்சு, 23 ஓட்ட வித்தியாசத்தில் வெல்லப் போதுமானதாக இருந்தது. ராம்சிங் 11 இலக்குகளை வீழ்த்தினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. நிறம் பார்க்காமல் ஐரோப்பியரும் இந்தியரும் ஒரே மாகாண அணியில் இடம்பெறும் நிலை அதற்குள் வந்திருந்தது.

கோபாலன் வளைதடிப் பந்தாட்டத்திலும் (ஹாக்கி) இந்தியாவுக்காக விளையாடியவர். 1935 இல் இந்திய அணியுடன் நியூசிலாந்து சென்றார். 1936 இல் ஒரே சமயத்தில் பெர்லின் ஒலிம்பிக்கு வாய்ப்பும் இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயண வாய்ப்பும் வந்தன. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அப்பயணத்தில் அவருக்கு ஒரு டெசுட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது.

புச்சி பாபுவின் குடும்பம்

புச்சி பாபுவின் மகன்கள் வெங்கடராமானுசலு, பாலையா, ராமசாமி ஆகிய மூவரும் துடுப்பாட்டக்காரர்கள். இவர்களில் இளையவரான ராமசாமி (பிறப்பு: 1896) தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் கோட்டா ராமசாமி என அழைக்கப்பட்டார். கேம்பிரிட்சில் படித்த அவர் 1922 இல் டேவிசுக் கோப்பை டென்னிசுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில், மான்செசுட்டரில் தமது முதல் டெசுட் ஆட்டத்தில் களமிறங்கி 40, 60 ஓட்டங்களை எடுத்தார். இரண்டே டெசுட் ஆட்டங்களில் அவருடைய சராசரி 56.66. 1985 அக்டோபரில் வீட்டைவிட்டு வெளியேறிய முதியவர் திரும்பி வரவேயில்லை. அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

பேரர்கள் சிலரும் மாநில அணிக்காக விளையாடியுள்ளனர்.

மாகாண ஆட்டத்தின் முடிவு

இந்திய விடுதலைக்குப் பின் சென்னையில் ஐரோப்பியர் எண்ணிக்கை குறைந்தது. 1951-52 பருவத்துடன் மாகாண ஆட்டம் நின்றுபோனது. அதே பருவத்தில், 1952 பெப்ரவரியில், அதே சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா தனது முதல் டெசுட் வெற்றியைப் பெற்றது. எதிரணி இங்கிலாந்து. வினூ மன்காட் 12 இலக்குகளை வீழ்த்தினார். பங்கச்சு ராய், பாலி உம்ரிகர் இருவரும் நூறு ஓட்டங்களைக் கடந்தனர். வெற்றி ஓர் இன்னிங்சு, 8 ஓட்ட வித்தியாசத்தில் அமைந்தது. ஆட்டத்தின் முதல் நாளான பெப்ரவரி 6 அன்றுதான் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்தது.

நினைவுப் போட்டி

புச்சி பாபு மறைந்த மறு ஆண்டு, 1909 இல், அவர் பெயரில் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. நெடுங்காலம் சென்னை நகர அணிகளுக்கு உரியதாக இருந்த இப்போட்டி 1960களின் பிற்பகுதியில் அனைத்திந்திய அழைப்புப் போட்டியாக மாறியது. ரஞ்சிப் பருவம் தொடங்குமுன் மாநில அணிகள் தங்களைத் தயார்செய்துகொள்ள இதனைப் பயன்படுத்தி வந்தன. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த போட்டி 2023 இல் மீண்டும் நடத்தப்பட்டது. 2024 இல் இதன் ஆட்டங்கள் கோயம்புத்தூர், சேலம், திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் நடைபெற்றன. சேப்பாக்கத்தில் இந்தியர் நுழைய முடியாதிருந்த பழைய பெவிலியன் இப்போது இல்லை.