தங்கத்தை விஞ்சிய எவர்சில்வர்

தங்கம் அரியது, எவர்சில்வர் எளியது என்பது நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறிந்த கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாக மாற்றிய கைக்கடிகாரம் ஒன்றன் வரலாற்றை நேயர்கள் அறிவது சுவையாயிருக்கும்.

சுவிட்சர்லாந்தின் ஜினீவா நகரத்துப் பட்டேக் பிலிப் நிறுவனம் 1941-ல் ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. 1518 என்னும் எண்ணே அதன் பெயர். நேரத்தோடு கிழமை, தேதி, மாதம், திங்களின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றையும் அது காட்டும். செய்யப்பெற்றவை மொத்தம் 281. அவற்றுள் பெரும்பாலானவை மஞ்சள் தங்கத்தால் ஆனவை. சில செந்தங்கத்தால் ஆனவை. எவர்சில்வர் உறை கொண்டவையாக அறியப்பட்டவை நான்கே!

அந்நான்கனுள், 1943-ல் செய்யப்பெற்ற ஒன்று 2016 நவம்பரில் ஜினீவாவில் ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு அது விலை போயிற்று. அதற்குமுன் எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. பொறி ஒன்றே, உறைதான் வேறு. ஆயினும் தங்க உறையை எவர்சில்வர் வென்றது. காரணம் உலோகத்தின் உயர்வன்று, கிடைத்தற்கு அருமையே.

இனி, அப்பொறியின் திறத்தைக் காண்போம். சாதாரணத் தேதிக் கடிகாரம் எல்லா மாதத்தையும் 31 நாளாகவே எண்ணும். 30 நாள் மாதம் முடிந்தால் நாமே திருத்த வேண்டும். 1518 போன்ற ‘நிரந்தர நாட்காட்டி’க் கடிகாரமோ மாதங்களின் நீளத்தைத் தானே அறியும். இத்தகைய பொறிகளில், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுழன்று முடியும் பல்சக்கரம் ஒன்று அமைவதுண்டு. 48 மாதங்களுக்கும் உரிய மேடுபள்ளங்கள் அதன் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும். ஒரு சிறு நெம்புகோல் அவற்றைத் தடவிப் பார்த்து, இம்மாதத்துக்கு எத்தனை நாள் என்று உணர்ந்துகொள்ளும். பிப்ரவரிக்குரிய பள்ளமே மிக ஆழமானது. லீப் ஆண்டில் மட்டும் அதன் ஆழம் சற்றுக் குறையும்.

எனினும் ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. நூற்றாண்டு முடிவில் வரும் ஆண்டு 400-ஆல் வகுபட்டாலன்றி லீப் ஆண்டாகாது. 2000 லீப் ஆண்டாயிற்று, 2100 ஆகாது. சக்கரமோ நான்கு ஆண்டுக் கணக்கை மட்டுமே அறியும். ஆதலால் அவ்வாண்டு பிப்ரவரி 28-க்கு மறுநாள், மார்ச் முதல் தேதியன்று, அக்கடிகாரம் பிப்ரவரி 29 என்றே காட்டும். அப்போது மனிதனின் கைதான் அதைத் திருத்த வேண்டும். அதுவரையிலுங்கூடச் சாவி கொடுக்க மறந்தால் சில நாளில் கடிகாரம் நின்றுவிடும்; நாட்காட்டியும் உடன் நின்றுவிடும்.

இதைப் படித்ததும் தந்தையோ பாட்டனாரோ அணிந்த பழைய எவர்சில்வர் கடிகாரத்தை ஏலத்துக்கு அனுப்ப எண்ண வேண்டா! அவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. சந்தையில் அவற்றுக்குப் பெருவிலை கிடைப்பது அரிது. ஆனால் அவர் அணிந்தது அந்த ஒன்றுதான். பட்டணம் விட்டுப் பட்டணம் மாறும்போது பழம்பொருள் என்று அதைக் கழித்துவிடாமல், நல்ல கடிகாரக்காரரிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிட்டு வைப்போமாக. நாள்தோறும் அதற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். கோடி பெற்ற கடிகாரமும் கேட்பது அவ்வளவே.