இணையாக இழுக்கும் இரு வால்வுகள்

மடுல்சீமை மலைச் சரிவில் பனி இறங்கும் மாலை வேளையில், இரண்டு கண்ணாடி வால்வுகள் செம்பொன் நிறத்தில் ஒளிர்வதைக் காண்பது தனி இன்பம். எம் மாணவன் ஒருவன், தன் பாட்டனார் விட்டுச் சென்ற ஒலிபெருக்கியைத் திருத்தி, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வைக்க ஆசைப்பட்டான். இரு வால்வுகளில் ஒன்று பழுதாகியிருந்தது. அதே இ.எல். 34 இனத்தில் புதியதொன்றை வாங்கி மாட்டினோம். அளந்து பார்க்கவில்லை. தவறு எம்முடையதே.

திருவிழாவன்று இரண்டாவது பாட்டு முடியுமுன் ஓசை கரகரத்தது. புதிய வால்வின் தகடு செக்கச் சிவந்திருந்தது! உடனே நிறுத்தினோம். அன்றிரவு பக்கத்துத் தோட்டத்து ஒலிபெருக்கியே பாடியது. பையனின் முகத்தைப் பார்க்க எமக்கு மனம் துணியவில்லை.

காரணம் யாது? 1906இல் லீ டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கர், வால்வுக்குள் மெல்லிய கம்பி வலையொன்றைச் சேர்த்தார். அவ்வலைக்கு எதிர் மின்னழுத்தம் கூடக் கூட, தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் குறையும். பாட்டில்லாத போதும் அளவான மின்னோட்டம் ஓடுமாறு இவ்வழுத்தத்தை அமைப்பதையே ‘பயாஸ்’ வைத்தல் என்பர். ஓட்டம் மிகுந்தால் தகடு வேகும். குறைந்தால் மெல்லிய ஓசை கரடாகும்.

மரமறுக்கும் பெரிய வாளை இருவர் மாறி மாறி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவ்விரு வால்வுகளும் அவ்வாறே உழைக்கின்றன. இரண்டின் மின்னோட்டமும் ஒத்திருந்தால், வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வாவிடில் இரும்பு காந்தமேறி, அடித்தொனி கெட்டு, இரைச்சல் எழும்.

மறுநாள் ஒவ்வொரு வால்வின் கதோட்டுக்கும் நிலத்தொடுப்புக்கும் இடையே 10 ஓம் தடையொன்றை இணைத்து, கணநேரம் இயக்கி அளந்தோம். புதியதில் 0.8 வோல்ற்று, அதாவது 80 மில்லி அம்பியர். பழையதில் 30 மட்டுமே. தகட்டில் 400 வோல்ற்று இருந்தமையால், புதிய வால்வு ஏறத்தாழ 32 வாற்றுச் சுமையைத் தாங்கியது. அவ்வினத்தின் எல்லையோ 25 வாற்று!

ஒரே நிபந்தனையில் ஒத்த மின்னோட்டம் தரும் இணை வால்வுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் 40 மில்லி அம்பியரில், 16 வாற்றில் நிறுத்தினோம். சூடேறியபின் மீண்டும் அளந்தோம். மின்சாரம் 230 வோல்ற்றுக்கு மேலேறினால் இவ்வளவும் ஏறும். ஆகவே எல்லைக்குக் கீழே நிற்பதே அறிவுடைமை.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுவிட்சை அணைத்த பின்னும் கொள்ளளவிகளில் உயிர் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைத் தக்க தடையொன்றின் வழியே வடித்து, அளந்து உறுதி செய்யாமல் உள்ளே கை வைக்கலாகாது. அறிந்தவர் ஒருவர் அருகிருத்தலும் அவசியம்.

கைவேலையை எளிதென எண்ணற்க. இத்தீவின் வானொலியே அவ்வாறு பிறந்ததன்றோ? கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு, 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பிலே இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925இல் கொழும்பு வானொலி தொடங்கிற்று.

நவராத்திரியில் பாட்டனாரின் பெட்டி பாடியது. லயத்து வாசல்களில் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டனர். பையனோ பாட்டைக் கேட்கவில்லை, மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தான்.