கிராபிக்ஸ் கார்டுக்கு நீர்க்குளிர்ச்சி: திருகாணியைத் தொடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், இயந்திர உறுப்புகளுக்குக் கணினியில் வரைபடம் தயாரித்துக் கொடுத்து ஜீவனம் செய்பவர்களுக்கும், விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் விலையுயர்ந்த கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு கஷ்டம் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் கிராபிக்ஸ் கார்டு தாங்கமுடியாத அளவுக்குச் சூடேறிப் போவதே அது. என்விடியா நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு 450 வாட்டும், 2025-ல் வெளியிட்ட 5090 கார்டு 575 வாட்டும் மின்சாரத்தை இழுக்கக்கூடியவை. இழுத்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அந்த உஷ்ணத்தை அகற்ற, உடன்வந்த விசிறியைக் கழற்றிவிட்டு, செம்பினாலான வாட்டர் பிளாக்கை வைத்து, பம்பினால் நீரைச் சுழலவிட்டு, ரேடியேட்டரில் ஆறவைக்கும் முறை இப்போது பரவிவருகிறது. சம கன அளவில் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேலாக உஷ்ணத்தை ஏந்திச் செல்லும் சக்தி நீருக்கு இருப்பதால், முறை நல்ல முறைதான் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் ரேடியேட்டரும் கடைசியில் அறைக் காற்றில்தான் உஷ்ணத்தை விடவேண்டியிருப்பதால், அறை 38 டிகிரியில் இருக்கும்போது நீர் அதற்குக் கீழே குளிராது என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே மனத்தில் கொள்ளவேண்டும்.

இதில் முதல் விஷயம் சட்டத்தைப் பற்றியது. கார்டின் பின்புறத்தில், மையச் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகாணிகளுள் ஒன்றின் தலைமீது பெரும்பாலும் சிறியதொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். அது கிழிந்தால், மூன்று வருஷ வாரண்டியும் போயிற்று என்று விற்பவர் சொல்வார். அமெரிக்காவில் 1975-ஆம் வருஷத்து மாக்னஸன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, 2024 ஜூலையில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் கிகாபைட், ஜோட்டாக், ஏ.எஸ்.ராக் ஆகிய நிறுவனங்களுக்கு இத்தகைய ஸ்டிக்கர்களைக் குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. நம் நாட்டிலோ, 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காகக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியதே தவிர, அவ்வுரிமை இன்னும் தனிச் சட்டமாகவில்லை. ஆகவே அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே ஸ்டிக்கரைக் கிழிப்பது விவேகமன்று. விசிறியை மாற்றினால் வாரண்டி உண்டா என்று தயாரிப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலே பதில் பெற்ற பிறகு முடிவு செய்வதே உசிதம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வேறொரு வாசலையும் அடைக்கிறது. அதனை நம்மவர்களிற் பலர் அறியார். பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால் விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடரலாம் என்று கூறும் அச்சட்டமே, தீங்கு நேர்ந்த சமயத்தில் அப்பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர்மீது அவ்வழக்கு நிற்காது என்று 87-ஆம் பிரிவில் விதிக்கிறது. விசிறியைக் கழற்றி நீர்க்குழாயை இணைத்தது மாற்றியமைத்தல் அன்று என்று வாதாடுவது மிகவும் கடினம்.

அப்படியானால் யார் பொறுப்பாளி? வேலையைச் செய்து கொடுத்தவரே. கூலி வாங்கிக்கொண்டு பொருத்தித் தருபவர் சட்டத்தின் கண்ணில் சேவை அளிப்பவர். அவருடைய கவனக்குறைவாலோ, தக்க எச்சரிக்கை சொல்லாமையாலோ தீங்கு நேர்ந்தால் 85-ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். கசிவினால் தீப்பற்றி வீட்டுச் சாமான் எரிந்ததென்றால் அது பொருட்பொறுப்பு. கார்டு மட்டும் பாழாயிற்றென்றால் அது சேவைக் குறைபாடு. இரண்டுக்கும் நிவாரணம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் காகிதம் வேண்டும். தெரிந்த பையன், நூறு இருநூறு குறைத்து வாங்குகிறான் என்று பில் இல்லாமல் ஒப்படைப்பவர், தயாரிப்பாளரிடம் இருந்த உரிமையைக் கைவிட்டுவிட்டு, அதற்கு ஈடான உரிமையை வேறு எவரிடமிருந்தும் பெறாமல் நடுவழியில் நிற்கிறார். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகச் செயல் என்று சட்டம் சொல்கிறது. பொருத்துகூலியைத் தனியாகக் காட்டிய ரசீது, கார்டின் சீரியல் எண், கழற்றுமுன் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கான படம், ஊற்றிய கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் பெயர், இத்தனை மாதத்துக்குள் கசிந்தால் தாமே பொறுப்பு என்ற ஒரு வரி — இவ்வளவையும் முன்னதாகவே கேட்டுப் பெறுவதில் சங்கோசப்பட வேண்டியதில்லை. கடைச் சுவரில் “சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று எழுதி ஒட்டியிருப்பது, வேலையில் காட்டிய அஜாக்கிரதைக்குக் கேடயமாக முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது விஷயம் திருவள்ளூர் மாவட்டத்துத் தண்ணீர். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் உட்புகுந்துவிட்டது 1960-களிலிருந்தே தெரிந்த செய்தி. இத்தகைய போர்வெல் நீரை வாட்டர் பிளாக்கில் விட்டால் என்ன ஆகும்? பிளாக்கின் உட்புறத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள வரிகள் சீப்புப் பற்களைப்போல் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். சுண்ணாம்புச் சத்து அவற்றில் வெண்மையாகப் படிந்து வழியை அடைக்க, உப்பு நிக்கல் பூச்சை அரித்துச் செம்பைப் பச்சையாக்கும். வீட்டு ஆர்.ஓ. நீரிலும் கேன் தண்ணீரிலும் உப்பு முற்றிலும் நீங்குவதில்லை. காய்ச்சி வடித்த நீரைத் தனியாக ஊற்றினாலும் நாளடைவில் பாசி பிடிக்கும். ஆதலால் அரிமானத் தடுப்பும் பாசிக்கொல்லியும் சேர்ந்த கூலன்ட்டே தகும். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் மின்கலம்போல் வேலை செய்து அலுமினியம் கரையத் தொடங்கும். கார் ரேடியேட்டருக்கு விடும் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் இனிப்புச் சுவையுள்ள விஷம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை வைப்பதே ஆபத்து.

உருக்காலைகளும் ரீரோலிங் மில்களும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் காற்றோடு வரும் இரும்புத்தூள் வேறொரு தொல்லை. ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அது படிந்தால் குளிர்ச்சி குறையும். திறந்துவைத்த கார்டின்மேல் விழுந்தால், மின்சாரத்தைக் கடத்துமாகையால், ஷார்ட் ஆகும். பட்டறைக்குள்ளேயே கார்டைத் திறந்து வேலை செய்வதைத் தவிர்க்கவேண்டும்.

பொருத்தும் வேலையில் கண்ணுக்குப் புலப்படாமல் நேரும் பிழை தெர்மல் பேடில் இருக்கிறது. மெமரி சிப்புகளின்மேல் வைக்கும் இந்த மெத்தென்ற பட்டைகள் அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை பல கனங்களில் கிடைக்கின்றன. கனம் அதிகமானால் பிளாக் மையச் சிப்பில் படியாது. குறைந்தாலோ, திரையில் மையச் சிப்பின் உஷ்ணம் சரியாகக் காட்டிக்கொண்டிருக்க, மெமரி மட்டும் வெந்துபோகும்.

வேலை முடிந்ததும் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் கொடுக்காமல், பம்பை மாத்திரம் தனியாக 24 மணி நேரம் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழ் வெள்ளைக் காகிதம் விரித்து, ஈரம் படுகிறதா என்று பார்க்கவேண்டும். இதைச் செய்யாமல் அன்றே எடுத்துச்செல்லச் சொல்லும் கடைக்காரரிடம் கார்டை ஒப்படைக்கலாகாது. வீட்டில் எர்த் சரியாக இருக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருப்பது உயிருக்கு அரண். நீர்க்கசிவு கண்டால் பெட்டியைத் தொடாமல் முதலில் சுவர் சுவிட்சை அணைக்கவேண்டும். உள்ளே பவர் சப்ளையில் 230 வோல்ட் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நஷ்டம் நேர்ந்துவிட்டால், முதலில் கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும், வேறு மாநிலத்து விற்பனையாளரிடம் ஆன்லைனில் தருவித்திருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019-ஆம் வருஷத்துச் சட்டம் அளித்த பெரிய சலுகை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். கம்பெனிக்காக வணிக நோக்கத்தோடு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்காகவே வாங்கித் தாமே உபயோகிக்கும் வரைபடக்காரர் நுகர்வோரே.

பாழான கார்டைத் துடைத்துக் காயவைத்து மற்றொரு கடையில் பிரித்துப் பார்க்கச் சொல்வது பலரும் செய்யும் காரியம். அதனால் வழக்கின் முக்கிய சாட்சியே அழிந்துபோகிறது. ஈரத்தின் தடமும் படிவின் நிறமும் இருந்தபடியே இருக்கப் படமெடுத்து, கார்டை உறையிலிட்டு வைக்கவேண்டும். பரிசோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாதென்று கண்டால், ஆணையமே அதனை முத்திரையிட்டுத் தக்க சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாளில் அறிக்கை கேட்கும். அத்தகைய வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயலவேண்டுமென்றும் சட்டம் சொல்கிறது.