சட்டம் 597: சுஹாகாம் எதுவரை போகும்?

கெமாஸில்தான் மேற்குக் கரை, கிழக்குக் கரை ரயில் பாதைகள் பிரிகின்றன. ஊரைச் சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பையனைப் போலீஸ் பிடித்துப் போனால் வீட்டார் கோயில் தலைவரிடமோ கட்சிக்காரரிடமோ ஓடுவார்கள். மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் நினைப்பு பலருக்கு வருவதில்லை.

1999-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 597 இதை உருவாக்கியது. 2000 ஏப்ரலில் துன் மூசா ஹீத்தாம் தலைமையில் பணி தொடங்கியது.

சட்டத்தின் 12ஆம் பிரிவு ஏழைக்கு உதவக்கூடியது. பாதிக்கப்பட்டவரே வர வேண்டியதில்லை. அவர் சார்பில் வேறொருவர் புகார் கொடுக்கலாம். புகாரே வராவிட்டாலும் ஆணையம் தானாக விசாரிக்கலாம். லாக்கப்பில் கிடப்பவனால் மனு எழுத முடியுமா? அவன் தாய் எழுதினாலே போதும். விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் உண்டு.

அதே பிரிவில்தான் பெரிய தடையும் இருக்கிறது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், நடந்துகொண்டிருக்கும் விசாரணையையும் ஆணையம் உடனே நிறுத்த வேண்டும்.

பாதிரியார் ரேமண்ட் கோ, சமூக ஆர்வலர் அம்ரி சே மாட் ஆகியோர் காணாமல் போனதை ஆணையம் பொதுவில் விசாரித்தது. போலீஸின் சிறப்புப் பிரிவே அவர்களைக் கடத்தியது என்று 2019 ஏப்ரலில் துணிந்து சொன்னது. ஆனால் யாரையும் தண்டிக்க அதனால் முடியாது. பரிந்துரை மட்டுமே செய்யலாம். அதன் ஆண்டறிக்கை மக்களவையில் முதன்முறையாக விவாதிக்கப்பட்டதே 2019 டிசம்பரில்தான்! ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறிக்கைகள் மேசையோடு நின்றன. இது மன்னிக்க முடியாத அலட்சியம்.

இழப்பீட்டுக்கும் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கிறது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில், காவலில் இருந்த 22 வயது குகன் இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது சிவில் வழக்கில். 2013-இல் உயர் நீதிமன்றம் போலீஸைப் பொறுப்பாக்கியது. அத்தகைய வழக்கை நடத்த வக்கீலும் பணமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும்.

போலீஸைக் கண்காணிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று துன் ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் கேட்டது. 2023 ஜூலையில் ஒன்று செயலுக்கு வந்தது; அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் தரப்படவில்லை. சுஹாகாமின் பரிந்துரைக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டம் 597-ஐத் திருத்துவதையாவது மக்களவை செய்ய வேண்டும்.