புரோஸ்டேட் சிகிச்சைக்குப் பின் இருவரும் சேர்ந்து பேசுங்கள்

வள்ளூரிலிருந்து மருத்துவமனைக்கு வர மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ மின்சார ரயில் ஏற வேண்டும். இல்லையெனில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் ஊர்ந்து வர வேண்டும். அந்தப் புறநகர் ரயில்களில் கழிப்பறை கிடையாது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சிறுநீர்க் கசிவோடு இருப்பவருக்கு இப்பயணம் எத்தகைய தடை என்பதை நோயாளிகள் சொல்லியே நான் அறிந்தேன். மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவோர் பலரைத் தடுப்பது அலட்சியம் அன்று, கூச்சம்.

இத்தகையோருக்கு இணையவழி ஆலோசனை உதவும். நடுவண் அரசின் இ-சஞ்சீவனி சேவை 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணொளியில் சந்திக்க வகைசெய்கிறது. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தால் போதும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. கைப்பேசியை மகன் பிடித்திருப்பார். தந்தை, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார். தாய் கதவோரம் நிற்பார். உண்மையான தொல்லை எதுவும் வெளிவராது. இணைப்பை ஏற்படுத்தித் தந்தபின் மகன் வெளியே சென்றுவிடுவது நல்லது.

மனைவியர் பலர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்வது ஒன்றுதான்: "அவர் என்னோடு பேசுவதே இல்லை. என்மேல் வெறுப்போ என்னவோ." அம்மா, அது வெறுப்பு அன்று. ஹார்மோன் சிகிச்சை, புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதற்காக உடலின் டெஸ்டோஸ்டிரோனை வேண்டுமென்றே குறைக்கிறது. அதனால் ஆசை குறையும், சோர்வு வரும், எரிச்சல் வரும், திடீரென உடல் கொதித்து வியர்க்கும். கணவரோ தம் ஆண்மை போயிற்றென எண்ணி விலகிப் படுக்கிறார். காரணம் ஊசியில் இருக்க, இருவரும் தம்மையே நொந்துகொள்கின்றனர். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், நோயாளியை மட்டுமன்றித் தம்பதியரைச் சேர்த்தே வழிநடத்தும் இணையவழித் திட்டம் ஒன்றை உருவாக்கி ஆராய்ந்ததும் இதனாலேயே. இந்நோய் தொற்றாது, தாம்பத்திய உறவால் மனைவிக்குப் பரவாது.

அறுவைக்குப் பின் வரும் கசிவு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டில் குறையும். விறைப்புத்தன்மை திரும்ப இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர்க் குழாயை எடுத்தபின், சிறுநீரை அடக்கும் தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள்: வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்; நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. தேநீரையும் காபியையும் குறைத்தால் போதும்.

ஒரு கண்டிப்பான சொல்: விறைப்புக்கான சில்டெனஃபில் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துவோருக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மனச்சோர்வு மிகுந்தால், கணவரோ மனைவியோ, 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். ஆனால் சிறுநீர் அறவே வராவிட்டாலும், இரத்தக்கட்டி வெளியேறினாலும், குளிருடன் காய்ச்சல் வந்தாலும், முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலும் காணொளிக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே நேரில் வாருங்கள்.