கம்பு பிடிக்குமுன்

தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்பது நம் நாட்டுப் பழமொழி. தடியைக் கையிற் பற்றிய அளவிலே தன்னை ஓர் அதிகாரியாக எண்ணிக்கொள்பவனை இகழ்ந்து கூறியது அது. சிலம்பம் பயில விரும்பி முதன்முறை களத்திற்குச் செல்லும் இளைஞன் நிலையோ இதற்கு மறுதலையானது. அவன் தடியை எடுக்கவே ஆவலுற்றுச் செல்கின்றான். வாத்தியாரோ தடியைத் தருவதில்லை. ஒரு திங்களோ அதற்கு மேலோ வெறுங்கையோடு நின்று, காலை எடுத்து வைக்கக் கற்றுக்கொள் என்கின்றார். இவ்விடத்திலேயே பலர் மனஞ் சலித்து வீடு திரும்பிவிடுகின்றனர். புதிதாய்ப் பயிலத் தொடங்குவோர் அறியவேண்டுவன சிலவற்றை, யானும் அண்மைக்காலம் வரையிற் புதியவனாயிருந்தவன் என்னும் உரிமையால், ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்று பொருள். சுழலுங் கம்பு காற்றைக் கிழித்து எழுப்பும் ஓசையால் இப்பெயர் வந்ததென்பர். பேச்சு வழக்கில் இதனைக் கம்பு சுற்றுதல் என்பதே எங்கள் பக்கத்து வழக்கம். கொங்கு நாட்டினர்க்கு இக்கலை புதியதன்று. காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்திற் பிறந்து, கும்பினியாரோடு பொருது, 1805ஆம் ஆண்டு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் பெயரைச் சொல்லாமல் இப்பக்கத்தில் எவரும் கம்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. பாளையக்காரர் போர்கள் ஒடுங்கிய பின்னர் வாளும் வேலும் குடிமக்கள் கையினின்று நீங்கின. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்நிலையை மேலும் இறுக்கிற்று. மூங்கிற் கம்போ உழவன் கையில் மாடு ஓட்டவும் பாம்பு விலக்கவும் என்றும் இருப்பது. படைக்கலன்கள் பல மறைந்தும் சிலம்பம் ஊர்தோறும் எஞ்சி நின்றதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமென்று கருதுகின்றேன். திருவிழாக்களிற் சாமி ஊர்வலத்தின் முன்னே சுழன்ற கம்பும், எம். ஜி. இராமச்சந்திரனார் திரைப்படங்களிற் சுழற்றிய கம்பும் அதனை மக்கள் நினைவில் வைத்திருந்தன.

இக்காலத்தில் அதற்குப் புதிய மதிப்பொன்று வந்துள்ளது. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயமுத்தூர் ஆகிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்தது. இதனால் விளைந்த நன்மை பெரிது. பெற்றோர் தாமே பிள்ளைகளைக் களத்திற்கு அழைத்து வருகின்றனர். ஆயினும் இதனோடு ஒரு கேடும் உடன் வந்தது. சான்றிதழை விரைந்து பெறவேண்டுமென்னும் வேட்கையே அது. அதன் பயனை யான் கண்ணாற் கண்டேன்.

யான் முதலிற் சேர்ந்தது ஒரு நகரத்து வகுப்பு. அதன் பெயர் ஈண்டு வேண்டா. ஓட்டுக்கூரையிட்ட கூடமொன்றில் ஏறக்குறைய நாற்பது பேர் நின்றோம். முதல் நாளிலேயே அனைவர் கையிலும் கம்பு தரப்பட்டது. இரண்டு வாரத்தில் ஒரு மேடை நிகழ்ச்சி. அதற்குள் அழகாய்ச் சுழற்றவேண்டும் என்றனர். எங்களுக்கு மகிழ்ச்சி சொல்லி முடியாது. ஐந்தாம் நாள் எனக்கு இடப்புறம் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், கம்பு கைநழுவக் குனிந்து எடுக்க முயன்றான். பின்னிருந்தவன் கம்பின் நுனி அவன் புருவத்தைப் பிளந்தது. அரை விரற்கிடை தாழ்ந்திருந்தால் கண் போயிருக்கும். ஐந்து தையலிட்டனர். அடித்தவனும் ஒரு சிறுவனே. அவன் அன்று அழுத அழுகை என் காதில் இன்றும் உள்ளது. இருவரும் பின்னர் வரவில்லை. யானும் வரவில்லை.

அவ்விருவரிடத்தும் குற்றமில்லை. கணக்கை நோக்குங்கள். ஐந்தரை அடிக் கம்பை ஒருவன் ஒரு முனைக்கருகிற் பிடித்துச் சுற்றுவானாயின், அவன் கைக்கும் மறுமுனைக்கும் இடையே 1.2 மீட்டர் நீளம் இருக்கும். நொடிக்கு இரண்டு சுற்று என்பது புதியவனுக்கும் எளிதிற் கைகூடுவதே. அங்ஙனமாயின் நுனியானது நொடிக்கு 15 மீட்டர், அஃதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் விரைவிற் செல்கின்றது. சாலையில் ஓடும் பஸ்ஸின் விரைவு அது. அத்தகைய பொருளைக் கையிற் கொண்டவன், தன் கால் எங்குள்ளதென்றும், தனக்கும் அயலானுக்கும் இடைவெளி எவ்வளவென்றும் நினையாமலே அறிந்திருத்தல் வேண்டும். நினைத்து அறிவதற்கு நேரமிராது. நினையாமல் அறிவது காலுக்குப் பழக்கத்தால் மட்டுமே வரும். வாத்தியார் கம்பைத் தராமைக்குக் காரணம் இதுவே.

ஓராண்டு கழித்துக் கணியூர்ப் பக்கத்தில் அமராவதிக் கரைத் தென்னந்தோப்பு ஒன்றில் மீண்டும் தொடங்கினேன். அங்கு வருவோர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும், நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்று மீளும் இளைஞருமே. கம்பெனி வேன் இறக்கிவிட்ட இடத்தினின்று சாப்பாட்டுத் தூக்கோடு நேரே களத்திற்கு வருவோரும் உண்டு. முதல் நாள் வாத்தியார் மண்ணைத் தொட்டு வணங்கச் செய்து, ஒரு குச்சியால் தரையிற் கோடு கிழித்து, அதன்மீது நடக்கச் சொன்னார். அவ்வளவே. முப்பத்துநான்கு நாள் அக்கோட்டின்மீது நடந்தேன்.

இதற்குக் காலடி என்று பெயர். முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் பெயர்தல், திரும்புதல் என்பனவே அதன் கூறுகள். கேட்கும்போது குழந்தைகளுக்குரியது போலத் தோன்றும். செய்யும்போதுதான் நம் காலை நாம் இதுவரை அறிந்திலோம் என்பது புலப்படும். முழங்காலைச் சற்று மடக்கி, உடற்பாரத்தை இருகாலிலும் பகிர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் முன்னங்காலில் நின்று பெயரவேண்டும். ஒரு கால் மற்றொன்றைக் குறுக்கே கடக்கும் இடங்களில் உடல் தடுமாறும். அத்தடுமாற்றம் நீங்கும்வரை அடுத்த காலடி இல்லை. முழங்கால் எப்பொழுதும் கால்விரல் நோக்கும் திசையையே நோக்குதல் வேண்டும். பாதம் ஒருபுறமும் முழங்கால் ஒருபுறமுமாகத் திரும்பினால் மூட்டின் உள்ளே வலி தோன்றும். அவ்வலியைப் பொறுத்துக்கொண்டு பயில்வது வீரமன்று, மடமை.

வலியைப் பற்றிக் கூறப் புகுந்தமையால் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகின்றேன். புதிய பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் தொட்டால் நோகும். இது தசையின் நோவு. ஓரிரு நாளின் மேலும் அடங்கிவிடும். மெல்ல நடந்துகொண்டிருந்தால் விரைவில் நீங்கும். மூட்டிற் குத்துவது போன்ற வலியோ, வீக்கமோ தோன்றினால் அது வேறு. அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். முதல் வாரத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியாது, தசைநோவுக்கு அஞ்சி நின்றுவிடுவோர் பலர். மூட்டுவலியை மறைத்துத் தொடர்ந்து பிற்காலத்தில் வருந்துவோர் சிலர்.

எங்கள் களத்தில் மற்றொன்றுங் கண்டேன். பவர் டேபிளில் நாள் முழுதுங் குனிந்து தைப்போர்க்குத் தோள் முன்வளைந்து இறுகியிருக்கும். அவர்கள் கையைத் தலைக்குமேல் உயர்த்தினால் இடுப்பும் உடன் வளையும். வாத்தியார் அவர்களைத் தென்னை மரத்தில் முதுகு சாய்த்து நிற்கவைத்து, கைகளை மெல்ல மேலேற்றி இறக்கச் செய்வார். கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர், கம்பு பிடிப்பதற்கு முன்னரே தம் கழுத்துவலி பாதி குறைந்ததென்றார். ஷிப்டு முடிந்து களைப்போடு வருவோர் அன்று காலடி மட்டும் பயின்று செல்வதே நலம். களைத்த கையிலிருந்துதான் கம்பு நழுவும். உணவுண்டு இரண்டு மணி நேரமாயினுங் கழித்துப் பயிலவேண்டும். தளர்ந்த உடையும், வெறுங்காலும், முன்னரே கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிய மண்தரையும் போதும். பெண்கள் துப்பட்டாவை இடுப்பிற் கட்டிக் கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். வளையலும் மோதிரமும் யாவர்க்கும் ஆகா. பெண்கட்கு இக்கலை ஏற்குமோ என்னும் ஐயம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், வடகரையிற் களரிப்பயிற்று கற்பிக்கும் மீனாட்சியம்மாள் எழுபது வயது கடந்தபின் 2017ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது பெற்றதை அவர்க்குச் சொல்லலாம்.

கம்பு வந்த நாளைப் பற்றி எழுதாமலிருக்க இயலவில்லை. முப்பத்தைந்தாம் நாள் வாத்தியார் யாதொன்றுஞ் சொல்லாமல் ஒரு கம்பை நீட்டினார். அவரவர் நெற்றியளவு உயரமுள்ளதே அவரவர்க்குரிய கம்பு. பிடித்தால் விரல்கள் சுற்றி வந்து பெருவிரலைத் தொடவேண்டும். அதனினும் பருத்தால் மணிக்கட்டு விரைவில் களைக்கும். முற்றிய மூங்கிலும் பிரம்பும் இதற்கு ஏற்றவை. இளமூங்கில் காய்ந்தபின் பிளவுபடும். முதலிற் பயில்வது உடலின் இருபுறமும் மாறிமாறி எட்டு என்னும் எண்ணின் வடிவிற் சுழற்றுவது. புதியவர் யாவரும் செய்யும் பிழை, தோளின் வலியால் கம்பைத் தள்ளுவதாகும். சுழற்சி மணிக்கட்டிற் பிறக்கவேண்டும். பிடி, குருவிக்குஞ்சைப் பிடித்தாற்போல இறுகாமலும் நழுவாமலும் இருக்கவேண்டும். என் கம்பு அன்று என் முழங்கையையே நான்கு முறை அடித்தது. ஆனால் ஒன்று நிகழ்ந்தது: பக்கத்திலிருந்த சிறுமி ஒருத்தி, ஓடிய பந்தை எடுக்கக் களத்துக்குள் வந்துவிட்டாள். யான் நினைக்குமுன்னே என் கால் இரண்டடி பின்வாங்கிக் கம்பு நின்றுவிட்டது. வாத்தியார் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

இனி வாத்தியாரைத் தேர்வது. முதலிற் சேராமல் ஒரு நாள் ஓரமாய் நின்று பாருங்கள். கம்பு சுற்றுவோர்க்கிடையே பத்தடிக்குக் குறையாத இடைவெளி உளதா, எதிரெதிர் நின்று பயில்வோர் தலைக்காப்பு அணிந்துள்ளனரா, அடிபட்டவனை வாத்தியார் எங்ஙனம் நடத்துகின்றார், இவற்றை நோக்குக. சுவரில் தொங்கும் பதக்கங்களை எண்ணவேண்டா. மூன்று ஆண்டு பயின்ற மாணாக்கன் ஒருவன் இன்னும் காலடி பயில்கின்றானா என்று பாருங்கள். பயின்றால் அது நல்ல களம். இத்தனை நாளிற் சான்றிதழ் என்று முன்னரே உறுதி கூறுவோரிடம் செல்லாமையே நன்று.

கராத்தே வகுப்பிற் சேர்ந்தோர், நிறந்தோறும் கச்சை மாறுவதால் தம் வளர்ச்சியைத் தாமே அறிவர். ஜப்பானில் ஜூடோவை 1882ஆம் ஆண்டு நிறுவிய கானோ ஜிகோரோ வகுத்த படிநிலைகளே இதற்கு மூலம்; ஒக்கினாவாவினின்று கராத்தேயை 1922ஆம் ஆண்டிற் டோக்கியோவுக்குக் கொணர்ந்த பூனாகோஷியும் அதனை மேற்கொண்டார். புதியவர்க்கு அஃது ஊக்கந் தருவது என்பதில் ஐயமில்லை. பழைய சிலம்பக் களங்களில் அத்தகைய அடையாளம் இல்லை. வாத்தியார் அடுத்த காலடியைச் சொல்லிக் கொடுப்பதே தேர்ச்சிக்கு அறிகுறி. தம் வளர்ச்சியைக் கண்ணாற் காணவேண்டுமென்போர், தேதியிட்ட ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். யான் அங்ஙனமே செய்தேன்; முதற்பக்கத்தில் "கோடு, மீண்டும் கோடு" என்று எழுதியிருப்பதைப் படித்தால் இன்று சிரிப்பு வருகின்றது.

போட்டிகளுக்குச் செல்வோர்க்கு ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, தொடுமுறை, வாள்வீச்சு, மான்கொம்பு எனப் பல பிரிவுகள் உள. இவற்றுள் தொடுமுறையிற்றான் காலடியின் பயன் வெளிப்படும். எதிரியை அடித்து வீழ்த்துவதன்று அது. கம்பின் நுனியால் அவனுடலைத் தொட்டு எண்ணிக்கை பெறுவது. வீச்சில் மட்டும் பயின்று மேடையில் கைதட்டல் பெற்றவர், தொடுமுறைக் களத்தில் நின்ற இடத்திலேயே நின்று தொடப்படுவதைப் பலமுறை கண்டுள்ளேன்.

ஆறு திங்கள் பயின்றவன் தெருச்சண்டைக்குத் தான் தக்கவனென்று எண்ணுதல் கூடாது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் தற்காப்புரிமையைத் தேவையான அளவுக்கே தருகின்றது. விலகிச் செல்ல வழியுள்ள இடத்தில் விலகிச் செல்லும் காலே சிறந்த ஆயுதம்.

கடைசியாகக் கம்பைப் பேணுதல். பயின்று முடித்ததும் துணியால் துடைத்து, திங்களுக்கொருமுறை நல்லெண்ணெய் தடவி, நிழலில் படுக்கை நிலையில் வைக்கவேண்டும். சுவரிற் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். வெயிலில் விட்டால் வெடிக்கும். ஒவ்வொரு நாளும் பயில்வதற்கு முன் கம்பு முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். எங்கேனும் சிம்பு பெயர்ந்திருந்தால், அது சிறியதேயாயினும், அந்தக் கம்பு அன்று களத்துக்கு வேண்டா. அன்று காலடி பயிலலாம்.